சாமி பார்க்க வந்த வரையாடு

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. ஈரக்கையோடு போனை எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெரியவரின் குரல்.

"பாலக்காட்டுக் கல்பாத்திலேர்ந்து பேசறேன். உங்காத்துக்காரிதானே மலைக்குக் கூட்டிண்டு போறவா? எனக்கு ஒரு வரையாட்டைப் பாக்கணும். போட்டோ ஒண்ணும் வேண்டாம். பாத்தாப் போதும்."

"சும்மா பாக்கறதுக்குன்னா மூணாறுப் பக்கம் போயிருங்க சாமி. பஸ்ஸுலயே கொண்டுபோய் விடுவாங்க. ரோட்டோரமே நிக்குமுங்க."

"அது வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கினா முன்னாடி நிக்கும்னுதான் எல்லாரும் சொல்றா. அது பாக்கறதாகாது கேட்டேளா. தேடிப் போய்ப் பாக்கணும். காத்து பாத்து, மறைஞ்சிருந்து, வேட்டைக்காரா மாதிரி. துப்பாக்கி மட்டும் வேண்டாம்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "வயசு என்னவாம்?"

அறுபத்தெட்டு. ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இன்னொன்று வரிசையில் நிற்கிறது.

"வரச் சொல்லுங்க," என்றாள். "மூணு நாளு வேணும்னு சொல்லுங்க."

என் மனைவி வனத்துறையின் மலைநடைப் பயணங்களுக்கு வழிகாட்டி. காந்தலூரில் எங்கள் வீடு இருக்கும் மேட்டில் காரட்டும் பூண்டும் விளைகிற அளவுக்குக் குளிரும் ஈரமும் உண்டு. ஆனால் கிழக்கே இறங்க இறங்க மலை வேறு மலையாகிவிடும். மேற்கிலிருந்து வரும் மழையை மேலே இருக்கிற முகடுகளே வாங்கிக்கொள்ள, கீழே முள்ளும் கள்ளியும் வெயிலில் வெடித்த பாறையும்தான். அந்தப் பாறைச் சரிவுகளில் இருக்கிற வரையாடுகள் மனித வாடை பட்டாலே போய்விடும். அவற்றைத் தேடி ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. ஜீப்பில் பாதை முடிகிற இடம்வரை கொண்டுபோய் விட்டு, திரும்பி வரும்வரை நிழலில் படுத்திருப்பது என் வேலை.

நான் மலைக்காரன் இல்லை. கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப்பக்கம் என் ஊர். தென்னையும் கடலையும் போடுகிற சமதரை. அங்கே இருந்த காலத்தில் மலை என்பது எனக்குத் தெற்கே நீலமாகத் தெரிகிற ஒரு கோடு, அவ்வளவுதான். காந்தலூருக்குக் காய்கறி ஏற்றப் பிக்கப் வண்டியோடு வந்துபோய்க்கொண்டிருந்தபோது, காட்டுச் செக்போஸ்டில் வாட்சராக இருந்த ஒரு பெண், சந்தனக்கட்டை கடத்துகிறேனா என்று பார்க்கத் தினமும் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வாள்.

"நேத்துத்தானுங்க அவுத்துக் காட்டுனேன்," என்பேன்.

"நேத்துக் காட்டுனது நேத்தைக்கு. இன்னைக்கு அவுங்க."

நான்கு மாதம் அவிழ்த்தேன். அவளுக்குச் சந்தனக்கட்டை எதுவும் கிடைக்கவில்லை, நான் கிடைத்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் அவள். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். இன்றைக்கும் கோபம் வந்தால் பேச்சு அந்த ஊருக்கே போய்விடும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. அந்தப் பதினான்கு வருடத்தில், இந்தப் பெரியவர் வரும்வரை ஒருநாள்கூட நான் அவளோடு மேலே ஏறியதில்லை. உயரம் எனக்கு ஆகாது. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாவிட்டால் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிறவன் நான்.

சித்திரை மாதம் அவர் வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, வெள்ளை மீசை, கால் முட்டி வரை தொங்கும் கனத்த பழைய கோட்டு. இந்த வெயிலுக்கு அந்தக் கோட்டு எதற்கென்று கேட்டேன். "இது என் ராசி," என்றார். கழுத்தில் ஒரு பைனாகுலர். கையில் ஒரு டிபன் கேரியர், அதில் மூன்று நாளைக்கு வேண்டிய புளிக்காய்ச்சல்.

காப்பி குடித்துக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். நான் ஜீப்பில் எத்தனையோ பேரின் கதையைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனவர். அந்த முதலாளி மத்திய ஆசியாவின் பாமீர் மலையில் ஒரு வேட்டை முகாம் தொடங்கினார். அரசாங்க அனுமதியோடு, பணக்கார நாட்டு ஆட்கள் வந்து காட்டுச் செம்மறிக் கடாக்களைச் சுடுகிற இடம். முகாமைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இவரை அங்கே அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் என்று போனவர் பத்தொன்பது வருடம் இருந்தார்.

"ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது. சரளைக்கல்லும் காத்தும்தான். ஆடுகளுக்குக் கொம்பு எப்படி இருக்கும் தெரியுமோ? காதைச் சுத்தி, கன்னத்தைச் சுத்தி, வெளியிலே ஒரு சுத்து. வரவா எல்லாம் அந்தக் கொம்புக்காக வருவா. விடியறதுக்கு முன்னாடி கைடுமார் அவாளைக் கூட்டிண்டு போவா. சாயங்காலம் தலையோட வருவா. நான் டேப்பை வெச்சுக் கொம்பை அளந்து எழுதிக் குடுக்கணும்."

"சாமி ஆளு சைவமாச்சே," என்றாள் என் மனைவி.

"சைவம்தான். யாக் மாட்டுப் பாலைத் தோச்சுத் தயிர்சாதம் சாப்பிட்டுண்டு இருந்தேன். அவா சுடறதுக்கு நான் சாட்சி இல்லேன்னு மனசைத் தேத்திண்டேன். அதுக்கு ஒரு தண்டனை மாதிரி ஆயிடுத்து பாரு." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மேலே போனவாளோட பேசற ரேடியோ பக்கத்துலே எப்பவும் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான். முகாமை விட்டு மேலே போக முடியாது. பத்தொன்பது வருஷத்துலே நூத்துக்கணக்கான தலையைப் பாத்தாச்சு. உசிரோட ஒண்ணைக்கூடப் பாத்ததில்லே. எல்லாம் கண்ணைத் திறந்தபடியே வரும். ராத்திரி படுத்தா அந்தக் கண்ணுதான்."

என் மனைவி அவர் டம்ளரை எடுத்துப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"வரையாடுன்னு பேர்தான்," என்றார். "ரத்தத்துலே இது ஆட்டைக் காட்டிலும் செம்மறிக்குத்தான் ஒட்டுன்னு எங்கேயோ படிச்சேன். அன்னிக்கே தீர்மானம் பண்ணிட்டேன். பாமீருக்கு இனிமே போக முடியாது. இங்கே வர முடியும்."

அன்று மாலை என் மனைவி எனக்கு ஒரு உத்தரவு போட்டாள். "பெரியவரு. முன்னால நான் போனா, பின்னால ஒரு ஆளு வேணும். நீங்களும் வாரீங்க."

"ஏம்புள்ள, எனக்கு உயரம்…"

"கீழ பாக்காதீங்க."

முதல் நாள் கிளம்பும் முன்பே ஒரு சண்டை. சாமி இரண்டு முட்டியிலும் வலித் தைலத்தை அரைப் பாட்டில் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"இந்த மணத்துக்கு ஆடு கேரளாவையே விட்டுப் போயிரும் சாமி. கழுவிட்டு வாங்க."

"முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"முட்டியா ஆடா, நீங்களே முடிவு பண்ணுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தார். மலைச்சரிவில் தைலப்புல் காய்ந்து நின்றது. அவள் ஒரு கைப்பிடி பறித்துக் கசக்கி அவர் கோட்டிலும் என் சட்டையிலும் தேய்த்தாள். எலுமிச்சை வாசனை அடித்தது. பிறகு நடந்தோம். முன்னால் அவள், நடுவில் சாமி, கடைசியில் தண்ணீர்க் கேனும் சோற்றுப் பையுமாக நான்.

முதல் பாறை முகட்டுக்கு வந்ததும் சாமி கோட்டுப் பையிலிருந்து ஒரு சம்புடத்தை எடுத்தார். விபூதி. நெற்றியில் இட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் காற்றில் விட்டார். அது இடதுபக்கமாக மெல்ல மிதந்து போயிற்று.

"அது என்ன சாமி?" என்றாள்.

"காத்துப் பாக்கறேன். அங்கே கைடுமார் மாவை ஒரு பையிலே கட்டிண்டு இப்படித்தான் தட்டுவா. கேட்டுக் கேட்டுத் தெரியும். செஞ்சது இன்னிக்குத்தான்."

"எனக்குக் காது மடலே சொல்லிரும்," என்று பெருமையாகச் சொன்னாள். ஆனால் இன்னும் கொஞ்ச தூரம் போனதும், அவர் பார்க்காதபோது, பாறைமேல் வைத்திருந்த அந்தச் சம்புடத்தை எடுத்து அவளும் ஒரு சிட்டிகை விட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அன்று பத்து மணி வாக்கில் அவள் சட்டென்று குந்தினாள். எதிர்ச்சரிவைக் காட்டினாள். ஒரு பெரும் பள்ளம் தாண்டி, பாறையோடு பாறையாக எட்டுப் புள்ளிகள். எனக்கே தெரிந்தது. சாமி பைனாகுலரை வைத்துத் திருகித் திருகிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"பாறைதான் தெரியறது."

"அந்த வெள்ளைக் கோடு இருக்குல்ல சாமி, அதுக்கு அங்கிட்டு, கொஞ்சம் கீழ…"

"பாறைதான்."

அப்போது சீழ்க்கை மாதிரி ஒரு கூர்மையான சத்தம் பள்ளத்தைத் தாண்டி வந்தது. காவலுக்கு நின்ற பெட்டை எங்களைக் கண்டுபிடித்துவிட்டது. எட்டுப் புள்ளிகளும் பாறை இடுக்கில் கொட்டியது போல மறைந்தன. எனக்குச் சங்கடமாக இருந்தது. சாமியோ பைனாகுலரை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"குரலைக் கேட்டேன். தலைக்குக் குரல் கிடையாதே. இன்னிக்கு இது போதும்."

இரண்டாம் நாள் கெட்டது என்னால்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முந்தின நாள் மாலை இருவரும் உட்கார்ந்து பெரிய யோசனை செய்திருந்தார்கள். மலையாடுகள் எப்போதும் கீழேதான் பார்க்கும், ஆகவே மேலேயிருந்து இறங்கிப் போகவேண்டும் என்பது சாமி முகாமில் கேட்டறிந்த பாடம். "அது சரிதான் சாமி. மேல இருந்து எதுவும் வராதுங்கற நெனப்பு அதுகளுக்கு," என்று அவளும் ஒத்துக்கொண்டாள். மேலே போக ஒரு வழி இருந்தது. அதை வழி என்று அவள்தான் சொல்வாள். காலடி அகலத்துக்கு ஒரு பாறைத் திட்டு. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஒன்றுமில்லை. ஒரு முப்பது அடி நீளம் இருக்கும்.

அவள் நடந்து போனாள். சாமி பாறையைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்தார். நான் பாதி தூரம் போனேன். அங்கே என் செருப்புக்குக் கீழே ஒரு சின்னக் கல் நழுவி விழுந்தது. அது விழுந்த சத்தம் வரவேயில்லை. சத்தம் வரட்டும் என்று காத்திருந்தபோது நான் கீழே பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கால்கள் என்னுடையவையாக இல்லை. பாறையோடு முதுகை ஒட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வியர்த்தது. அவள் என்னைக் கூப்பிடுகிறாள், வாயசைவு தெரிகிறது, பதில் சொல்ல முடியவில்லை. அவள் திரும்பி வரக் கிளம்பினாள். சாமி அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே வந்தார். என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கல்பாத்தி ஆற்றுப் படித்துறையில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"உங்க ஊர்லே அரிசிம்பருப்புச் சாதம்னு ஒண்ணு பண்ணுவாளே," என்றார். "அது எப்படிப் பண்றது?"

நான் அவரைப் பார்த்தேன்.

"நிஜமாத்தான் கேக்கறேன். முதல்லே என்ன போடணும்?"

"எண்ணெய்ங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்ங்க. கடுகு, சீரகம். அப்பறம் சின்ன வெங்காயம்."

"நறுக்கியா, முழுசாவா? இந்தக் கையை இப்படி வையுங்கோ."

"முழுசா உரிச்சுப் போடோணுமுங்க." கையை அவர் காட்டிய இடத்தில் வைத்தேன்.

"நல்லது. பருப்பு?"

"தொவரம் பருப்புங்க. ஒண்ணுக்கு மூணு அரிசி."

"எழுந்திருங்கோ. அரிசியை ஊற வைக்கணுமோ?"

"அரைமணி நேரமுங்க."

"பூண்டு?"

"எட்டுப் பல்லுங்க."

"பூண்டு நான் போடமாட்டேன். ஒரு அடி அந்தப் பக்கம்."

"பூண்டு இல்லீன்னா அது அரிசிம்பருப்பே இல்லீங்க," என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. பூண்டைப் பற்றி வாதாடிக்கொண்டே நான் அந்தத் திட்டை விட்டு நகர்ந்து, வந்த பக்கமே போய்ச் சேர்ந்திருந்தேன். அகலமான பாறையில் உட்கார்ந்து தண்ணீர்க் கேனைத் திறந்தேன்.

"முகாம்லே இதுதான் என் தொழில்," என்றார் சாமி. "பெரிய பெரிய முதலாளிகள் எல்லாம் பாறையிலே உக்காந்து அழுவா. கைடு ரேடியோவை அவா கையிலே குடுத்துடுவான். நான் கீழேர்ந்து சாப்பாட்டைப் பத்திப் பேசுவேன். சாப்பாட்டைப் பத்திப் பேசறவன் கீழே பாக்கமாட்டான்."

எங்கள் பேச்சில், குறிப்பாக என் பூண்டு வாதத்தில், அந்தச் சரிவில் இருந்த ஒரு ஆடும் மிச்சமில்லை. அன்றைய நாள் அதோடு முடிந்தது. இறங்கி வரும்போது நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே ஜீப்பு வரைக்கும் வந்தாள். அப்படி அவள் நாலு பேர் பார்க்கப் பிடிக்கிறவள் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் சாமியின் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நடக்கிறேன் என்றார். கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே என் தோள் வேண்டியிருந்தது. முகம் சிறுத்துவிட்டது. "பரவாயில்லே. ரெண்டு நாள் மலையிலே இருந்தேனே," என்றார். அந்தப் பரவாயில்லையைக் கேட்க முடியவில்லை.

அவள் வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "வண்டிய எடுங்க. பழைய கூப்பு ரோடு வழியா விடுங்க," என்றாள்.

"அங்க என்ன இருக்குது?"

"விடுங்கன்னா விடுங்க."

மரம் வெட்டி இறக்கிய காலத்து ரோடு அது. பாதி தூரத்தில் முள் மூடிவிட்டது. அங்கிருந்து சாமியை இருவருமாகத் தாங்கிக்கொண்டு போனது இருநூறு அடி கூட இருக்காது. ஒரு பெரிய உருண்டைப் பாறைக்குப் பின்னால் கோட்டை விரித்து அவரை உட்கார வைத்தாள். முன்னால் வெறும் பாறைச் சரிவு. அதில் ஒரு வெடிப்பில் மட்டும் விரல் கனத்துக்கு ஈரம் கசிந்து, கீழே ஒரு சின்னக் குழியில் தேங்கியிருந்தது. சுற்றிலும் அந்த வெயிலிலும் பச்சைப் புல் கொஞ்சம்.

"நாம போக வேண்டாம்," என்று காதருகே சொன்னாள். "அதுக வரும். வராட்டி இல்ல. பேசக்கூடாது, இருமக்கூடாது."

ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். எட்டானது. ஒன்பதானது. பாறை சூடேறியது. என் கால் மரத்தது. ஒரு ஓணான் என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்து, அலுத்துப் போய் இறங்கிப் போனது. பத்தரை மணிக்கு என் பக்கத்தில் ஒரு சீரான சத்தம் கேட்டது. திரும்பினேன். சாமி பாறையில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்திருக்க, தூங்கிவிட்டிருந்தார்.

எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். அவள் கண்ணாலேயே தடுத்தாள். பிறகு அந்தக் கண் என்னை விட்டு மேலே போனது.

முதலில் ஒரு பெட்டை. பாறையில் இருந்து பாறை முளைத்தது போல வந்து நின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு, அவற்றின் கால்களுக்கிடையில் நாய்க்குட்டி உயரத்தில் ஒரு குட்டி. குளம்பு பாறையில் படும் சத்தம், நகத்தால் மேசையைத் தட்டுவது போலக் கேட்டது. அவை தண்ணீரைக் குடித்துவிட்டு, புல்லைக் கடித்துவிட்டு, எங்களுக்கு நாற்பதடி தூரத்தில் கடந்து போயின. நான் சாமியைப் பார்த்தேன், ஆட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பத்தொன்பது வருடமாக ஏங்கியவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எழுப்பினால் திடுக்கிட்டு எழுவார், எல்லாம் ஓடிவிடும். எழுப்பாவிட்டால் அவர் வந்ததற்கே அர்த்தமில்லை.

கடைசியாகத் தனியாகக் கடா வந்தது. கறுத்த பெரிய உடம்பு, முதுகில் சாம்பல் பூசியது போல ஒரு வெளுப்பு, பின்னோக்கி வளைந்த கனத்த கொம்பு. பெட்டைகள் போன வழியில் அது போகவில்லை. குழியைத் தாண்டி, எங்கள் பாறைப் பக்கமாகவே வந்தது. முப்பது அடி, இருபது அடி. சாமியின் குறட்டை அதன் காதில் விழுந்துவிட்டது. நின்றது. காதுகள் முன்னால் திரும்பின. அந்தச் சத்தம் என்னவென்று அதற்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. பயப்படவும் இல்லை, போகவும் இல்லை.

அப்போதுதான் அவள் கையை நகர்த்தத் தொடங்கினாள். நகர்ந்தது என்றே சொல்ல முடியாது. வெயில் நகர்வது போல அந்தக் கை தரையோடு தரையாகப் போய், சாமியின் கைமேல் படிந்தது. அழுத்தவில்லை, வெறுமனே வைத்திருந்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பிடியை இறுக்கினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், எனக்கு ஒரு நாள் போல இருந்தது.

குறட்டை நின்றது. சாமியின் கண்கள் திறந்தன. உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. திறந்த கண் நேராக அந்தக் கடாவின் மேல் விழுந்தது.

எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. கடா அசை போட்டது. அதன் விலா ஏறி இறங்கியது. ஒரு ஈ கண்ணருகே வந்து உட்கார, அது இமையை மூடித் திறந்தது. தலையை ஆட்டியது. எங்கள் முன்னாலேயே சாவகாசமாக மூத்திரம் பெய்தது. பிறகு போக வேண்டும் என்று தோன்றியதால் போனது. ஓடவில்லை.

அது மறைந்த பிறகு சாமி வாயைத் திறந்தார்.

"கண்ணை மூடித்து, பாத்தேளா?" என்றார். "மூடி, திறந்தது."

"பாத்தோம் சாமி," என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். அவள் கையை விடவில்லை. அவளும் உருவிக்கொள்ளவில்லை. அப்படியே மூவரும் புளிக்காய்ச்சல் சோற்றைச் சாப்பிட்டோம், அவர் இடது கையை அவளிடம் கொடுத்துவிட்டு.

மறுநாள் அவரை நாங்களே கல்பாத்தியில் கொண்டுபோய் விட்டோம். அந்த முட்டியோடு பஸ்ஸில் அனுப்ப மனம் வரவில்லை. உடுமலை, பொள்ளாச்சி சுற்றிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்த சாமியின் மனைவி அவர் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆட்டைப் பாக்கறேன்னு போய் ஆனைக்கால் வாங்கிண்டு வந்திருக்கேள்."

மலையில் அத்தனை விவரமாக இருந்தவர் அங்கே சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தார், நீட்டச் சொன்ன காலை நீட்டினார். அந்த அம்மா சூடாக ஒத்தடம் கொடுத்துக்கொண்டே என் மனைவியைக் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லு. இவர் அங்கே தூங்கினாரோ? எங்கே போனாலும் உக்காந்தாத் தூங்கிடுவார். எங்க கல்யாணத்துலே மணையிலேயே தூங்கினவராக்கும்."

சாமி கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றாள் என் மனைவி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "முழிச்சேதான் இருந்தாக. நாங்கதான் அசந்துட்டோம்."

அந்த அம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், எங்களுக்கு இலை போட்டார்.

திரும்பி வரும்போது என் ஊர் வழியாகத்தான் வந்தோம். அண்ணன் வீட்டில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு, பச்சைக் கடலை ஒரு பை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பொள்ளாச்சி தாண்டியதும் கேட்டேன்.

"ஏம்புள்ள, அந்தத் தண்ணிக் குழி இருக்கறது உனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"ஆறு வருசமா."

"ஆறு வருசமாவா? யாரையும் அங்க கூட்டிட்டுப் போனதில்லியே."

"போனதில்ல. லீவு கெடைக்கற அன்னைக்கு நான் மட்டும் போவேன். அந்தக் கெடா சின்னதா இருக்கப்பயே எனக்குத் தெரியும்." கடலையை உரித்து என் வாயில் போட்டாள். "ஆளக் கூட்டிட்டுப் போனா எடம் கெட்டுரும்."

"பின்ன சாமிய ஏன் கூட்டிட்டுப் போன?"

அவள் இன்னொரு கடலையை உரித்தாள். ரோட்டின் இருபுறமும் தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு ஒங்கள அந்தத் திட்டுல விட்டுட்டு ஆட்டுக்குப் பின்னால போயிருக்கலாம்ல," என்றாள். "போகல."

லீவு கிடைக்கிற நாட்களில் அவள் சந்தனக்காட்டுக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன் நான். பதினான்கு வருடத்தில் எனக்குத் தெரியாத ஒரு இடம் அவளுக்கு இருந்திருக்கிறது. அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அதன்பிறகு அந்த இடத்துக்கு வரட்டுமா என்று நானாகக் கேட்டதில்லை. இரண்டு தடவை அவளாகவே கூட்டிப்போனாள். உயரமில்லாத வழியாகத்தான்.

சாமிக்கு ஆவணியில் இன்னொரு முட்டிக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவருக்கு அவள் போன் போடுவாள். எந்த விருந்தாளியிடமும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவள், வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டு அரைமணி நேரம் பேசுகிறாள். இந்த முனை மட்டும்தான் எனக்குக் கேட்கும்.

"ஆமா சாமி, கெடாவ நேத்துப் பாத்தேன்… தனியாத்தான்… எளச்சிருக்கு. மழ பேஞ்சாத் தேறிரும்… இல்ல, நொண்டல… அம்மா என்ன சொல்றாக? மாத்திர போட்டீங்களா, இல்லியா? உண்மையச் சொல்லுங்க."

நான் பக்கத்தில் போய் நின்றால், கையை அசைத்து, போய் ஜீப்பைக் கழுவச் சொல்கிறாள்.